கட்டுப்படாத கம்பைலரும் ஆறு நிமிடக் கடிதமும்

கம்பைலர் என்ற மென்பொருளைக் கட்டும்போது அது பாதியில் விழுந்த ஒவ்வொரு தடவையும் நான் யாரையாவது சந்தேகித்தேன். முதலில் வாசலில் நின்ற மின்கம்பத்தை. பிறகு கடலோரக் களப்பிலிருந்து வீசிய உப்புக் காற்றை. பிறகு கணினி அறைக்குள் புகுந்து, சூடான பெட்டியின் மேல் சுருண்டு படுக்கும் பூனையை. ஒருமுறை என் மனைவி ஜெஸீமா கட்டித் தந்த சோற்றுப் பொதியில் இருந்த கருவாட்டையும் சந்தேகித்தேன். அந்த வாசனை இயந்திரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஒரு மணித்தியாலம் உண்மையாகவே யோசித்தேன். இந்தப் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்தவன் சிவநேசன். அவன் மனிதன் என்பதால் அவனைச் சந்தேகிப்பது மற்றவற்றை விட இலகுவாக இருந்தது.

சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். ஐம்பத்து மூன்று வயது ஓய்வுக்குரிய வயதில்லைதான். ஆனால் முப்பது வருடமாகச் சின்ன எழுத்தை முறைத்துப் பார்த்த கண் தானாக விடுமுறை கேட்டுவிட்டது. பிரியாவிடைக் கூட்டத்தில் பேசியதை எழுதித் தரும்படி, என்னை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றழைக்கும் அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். "நானா, இப்ப எல்லாம் ரெடிமேட்டா வருது. நீங்க கையால கட்டின காலத்துக் கதைய ஒருக்கா எழுதித் தாங்களேன்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அன்று நான் பேச ஆயத்தம் செய்துகொண்டு போனது ஒன்று, பேசியது இன்னொன்று. ஏன் அப்படி ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். உலகத்தில் பெரும்பாலானோர் மென்பொருளை ஆயத்தமாக எடுத்துப் பூட்டிக்கொள்வார்கள். கற்பிட்டி வீதியில் களப்போரமாக இருந்த எங்கள் இறால் குஞ்சுப் பண்ணையில் ஓடியதோ, எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்ளவேண்டிய ஒரு வகை லினக்ஸ் இயங்குதளம். பாண் சாப்பிட ஆசைப்பட்டால் கோதுமை அரைப்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்பது போல. அதற்குக் காரணம் இருந்தது. தடாகங்களில் தொங்கிய ஒட்சிசன் அளக்கும் பெட்டிகள் வகைக்கு ஒன்றாகப் பழைய பெட்டிகள். அவற்றுக்கு ஆயத்தமான மென்பொருள் எங்கும் கிடையாது. தண்ணீரில் ஒட்சிசன் இறங்கினால் பெட்டி தகவல் சொல்லும், காற்றுச் சக்கரம் சுழலும். பெட்டி சொல்லாவிட்டால் விடியும்போது குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக மிதக்கும்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பது நீண்ட கதையில்லை. தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து எல்லாரையும் போல வெறுங்கையோடு புத்தளம் வந்தேன். ஓலைக் கொட்டிலில் இருந்து வானொலி திருத்தினேன், பிறகு தொலைக்காட்சி, பிறகு யாரோ தூக்கி எறிந்த கணினி. எறிந்தவர் கண் முன்னாலேயே அது ஓடத் தொடங்கியதும் என்னை விற்பன்னன் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. யுத்தம் முடிந்து வீதிகள் திறந்து, பண்ணைகள் பெருகியபோது வேலை கிடைத்தது. அவ்வளவுதான்.

மேலதிகாரி பெனடிக் சேர். தலவிலப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, இடது மணிக்கட்டில் சாவி கொடுக்கும் பழைய மணிக்கூடு. அவர் ஒருநாளும் விசைப்பலகையைத் தொட்டு நான் கண்டதில்லை. கதிரையை எங்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பால் இல்லாத பிளேன்டீ குடிப்பார். ஏதாவது விழுந்தால் குரலை உயர்த்தாமல் ஒரே கேள்வி கேட்பார்: "முதல்ல எதில தடக்கினது?"

கடைசியாக எங்கே விழுந்தது என்பதுதான் திரையில் தெரியும். அதைச் சொன்னால் தலையை ஆட்டுவார். "அது விழுந்த இடம். நான் கேட்டது தடக்கின இடம். மேல இருந்து வாசியும்." பல்லாயிரம் வரிப் பதிவை மேலிருந்து வாசிப்பது, உப்பளத்தில் ஒவ்வொரு கல்லாக எண்ணுவது போன்றது. ஆனால் அவர் சொல்வது எப்போதும் சரியாக இருந்து தொலைக்கும்.

அவருடைய இன்னொரு சட்டம் கொப்பி. எந்தக் கட்டளையையும் இயந்திரத்துக்குக் கொடுக்குமுன் கொப்பியில் எழுதவேண்டும். எழுதிய பிறகுதான் விசையை அழுத்தலாம். "கை செய்யிறது மனசுக்குத் தெரியவேணும்" என்பார். நாளடைவில் எனக்கு அந்தக் கொப்பி ஒரு பாவ மன்னிப்புப் புத்தகம் போலத் தோன்றத் தொடங்கியது.

ஆரம்பத்தில் ஒருமுறை கம்பைலர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. காலையில் ஒரு கோப்பில், மத்தியானம் இன்னொன்றில். யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சேர் பிளேன்டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "ஒரே இடத்தில விழுந்தா எழுத்தில பிழை. இடம் மாறி மாறி விழுந்தா இரும்பில பிழை." நினைவகப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் அதன் பித்தளைப் பற்களில் உப்புக் காற்று படிந்து பச்சை பிடித்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். செய்வினை கழன்றது.

இன்னொரு முறை அவசரத்தில் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்லிவிட்டேன். இயந்திரத்துக்கு நினைவகம் போதாது. போதாவிட்டால் லினக்ஸ் ஒரு வேலையைப் பிடித்து நிறுத்திவிட்டு, 'கொல்லப்பட்டது' என்று ஒரே சொல்லை ஆங்கிலத்தில் எழுதும். அது எனக்கு அப்போது தெரியாது. திரையில் தனியே அந்தச் சொல் வந்து நின்றது. யார், யாரை என்ற விபரம் இல்லை. நான் கணினியை அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, தொலைபேசியை அணைத்து, மலசலகூடத்துக்குள் இருபது நிமிடம் இருந்தேன். சேர் வந்து கதவைத் தட்டினார்.

"நசீர், உள்ள என்ன செய்யிறீர்?"

"சேர், வெளியில ஆராவது நிக்கிறாங்களா?"

"நான் நிக்கிறன்."

"நீங்க மட்டுமா?"

"பூனையும் நிக்குது. வெளிய வாரும்."

இப்போது சிரிக்கிறீர்கள். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை நீட்டியே பாதி வாழ்க்கையைக் கழித்தவனிடம் ஓர் இயந்திரம் 'கொல்லப்பட்டது' என்று சொன்னால் அவன் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். அன்றிலிருந்து இன்னொரு காரியமும் செய்தேன். 'எச்சரிக்கை' என்று தொடங்கும் வரிகள் எதுவும் திரையில் வராதபடி ஒரு வடிகட்டி எழுதிப் போட்டேன். கம்பைலர் கட்டும்போது இப்படியான வரிகள் ஆயிரக்கணக்கில் வரும், நூற்றுக்குத் தொண்ணூறு வெறும் முணுமுணுப்பு. அவற்றைக் கண்டால் எனக்கு அந்த மலசலகூடம் நினைவுக்கு வரும். மறைத்துவிட்டால் வராது. முழுப் பதிவு ஒரு கோப்பில் இருக்கத்தான் செய்தது. யார் அதைத் திறந்து பார்ப்பது?

இனி அந்த வழக்கு.

அலுவலகத்தில் இரண்டு கணினிகள். 'பெரியது' பழசு, ஆனால் கொள்ளளவு அதிகம். மூல நிரல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. 'சின்னது' புதுசு, வேகமானது. பெரியதிலிருக்கும் மூலத்தை வலைத்தொடர்பு வழியாக வாசித்து, சின்னது தன் வீட்டுக்குள் வைத்துக் கட்டும். சின்னதின் நேரத்தைச் சேர் மாதம் ஒருமுறை தன் கைமணிக்கூட்டைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்வார். பெரியது முழுக்க என் பொறுப்பு. பண்ணையின் மத்தியான மணியையும் மாலை மணியையும் அடித்தது அந்தப் பெரியதுதான். அது எனக்கு மிகவும் அனுகூலமான மணி.

புதிதாக மூன்று வகைப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கம்பைலர் கட்டவேண்டும். அந்த வேலையை என்னிடமும் சிவநேசனிடமும் கொடுத்தார் சேர். சிவநேசன் உடப்புத் தமிழ்ப் பெடியன், இருபத்தாறு வயது. சிலாபத்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு எங்களிடம் தற்காலிகமாக வந்திருந்தான். ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று சேர் அறிக்கை எழுதவேண்டும். அந்த அறிக்கை எழுதுவதற்கு இன்னும் ஏழு நாள்தான் இருந்தது.

முறை இதுதான்: சுருக்கப்பட்டு வரும் மூலத்தைப் பெரியதில் விரிப்போம். எங்கள் பெட்டிகளுக்கான சில திருத்தங்களை அதன் மேல் ஒட்டுவோம். பிறகு சின்னதில் கட்டத் தொடங்குவோம். கம்பைலர் தன்னைத்தானே மூன்று முறை கட்டும். முதலாவதைக் கொண்டு இரண்டாவதை, இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதை. கடைசி இரண்டும் அச்சொட்டாக ஒத்துப்போனால்தான் தன்னையே நம்பும். இப்படித் தன்னையே சந்தேகிக்கும் ஒரு மென்பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை. உறவுக்காரன் போல ஒரு பாசம் வந்துவிட்டது.

முதல் வகைப் பெட்டிக்கான கம்பைலரை நான் கட்டினேன். கட்டுப்பட்டது. இரண்டாவது வகைக்கானதைச் சிவநேசன் கட்டினான். தொடக்கத்திலேயே ஒரே படியில் திரும்பத் திரும்பச் சுற்றியது. ஒரே வரி நூறு தரம் வந்தால் வேலையை நிறுத்தும்படி முன்பே ஒரு காவல் போட்டிருந்தோம். அது நிறுத்திவிட்டது. அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உடனே புதிதாக விரித்து, ஒட்டி, மறுபடி கட்டினான். விழுந்தது. மறுபடி. விழுந்தது. சளைக்காத பெடியன், ஒரு முற்பகலில் ஐந்து தரம். பின்னேரம் நான் அதே வேலையை எடுத்தேன். ஒரே தடவையில் கட்டுப்பட்டது.

"என்ன நானா செஞ்சனீங்க?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்ல தம்பி. பிஸ்மி சொல்லித் தொடங்கினன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சந்தேகம் தொடங்கியிருந்தது.

அடுத்த நாள் மூன்றாவது கம்பைலர். இந்த முறை என் கொப்பியை அவன் முன்னால் விரித்து வைத்து, வரிக்கு வரி அதையே அடிக்கச் சொன்னேன். நான் பின்னால் நின்றேன், சாவடியில் நிற்பவர்கள் நிற்பது போல. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. விழுந்தது. அவன் மறு கையால் ஏதோ செய்கிறான் என்று நினைத்து மறு கையையும் பார்த்தேன். மறு கையால் அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

பிறகு நான் உட்கார்ந்தேன். விரித்தேன், ஒட்டினேன். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, எழும்பிப் பள்ளிக்குப் போய்த் தொழுதேன். வந்து சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டேன். கட்டச் சொன்னேன். தண்ணீர் ஓடுவது போல ஓடியது.

ஒரே கட்டளைகள். ஒரே இயந்திரங்கள். நான் தொட்டால் ஓடுகிறது, அவன் தொட்டால் விழுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் பேசாமல் இருப்பதும் என்னை உறுத்தியது. மாலை மணி அடிக்கும்போது என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிவான். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் ஜெஸீமாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"அந்தப் புள்ளைக்கு அதால என்ன லாபம்?"

"அது தெரியாது. ஆனா ஏதோ இரிக்கி."

"போன கிழம நம்மட தண்ணித் தாங்கி ஒழுகினதுக்கும் பக்கத்து வீட்டு ஆளைத்தானே சொன்னீங்க. கடைசீல காகம் கொத்தின ஓட்ட."

"காகம் எண்டு நீ எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்றாய்?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலை பெரியதின் முன்னால் உட்கார்ந்து சேருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். சிவநேசன் வேலையைத் திட்டமிட்டுக் குழப்புகிறான், நிரந்தரமாக்கக்கூடாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இவர்களை நம்பி ஒருமுறை ஊரையே இழந்தவன் என்ற வகையில் சொல்கிறேன்.' இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் பகிடியாகச் சொல்லமுடிகிறது, அந்த வரியை மட்டும் முடியவில்லை. எங்களை ஊரை விட்டு அனுப்பியபோது சிவநேசனுக்கு மூன்று வயது. அவன் ஊர் மன்னாரல்ல, உடப்பு. கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

அச்சிட்டு, மடித்து, சேரின் அறைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் உடனே வாசிக்கவில்லை. முதலில் தாளின் அடியைப் பார்த்தார். அச்சிட்ட நேரத்தைப் பெரியது அங்கே தானாகப் போட்டுவிடும். பிறகு கையைத் திருப்பிக் கைமணிக்கூட்டைப் பார்த்தார். மறுபடி தாளின் அடியை.

"நசீர், இது என்ன கடிதம்?"

"சிவநேசனைப் பத்தி, சேர். முக்கியமான விசயம்."

"இது இன்னும் எழுதப்படேல்லயே."

"விளங்கேல்ல சேர்."

"தாளில பதினொண்டு இருபது எண்டு கிடக்கு. இப்ப பதினொண்டு பதினாலு." தாளை மடித்து, மேசையில் குப்புற வைத்து, அதன் மேல் பிளேன்டீக் கோப்பையை வைத்தார். "நீர் இதை எழுத இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு. நான் வாசிக்கேல்ல. போய் அந்த விழுந்த பதிவை மேல இருந்து வாசியும். பிறகும் எழுத வேணும் எண்டா, எழுதும். அப்ப நான் வாசிக்கிறன்."

சேருக்கு வயது போய்விட்டது, அறிவு தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். சிவநேசன் சின்னதின் முன்னால் உட்கார்ந்து, தன் பிழை எது என்று அறிய, ஆறாவது தடவையாகவோ ஏழாவது தடவையாகவோ விரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, அவனுடைய விழுந்த பதிவுகளில் ஒன்றைத் திறந்தேன். வடிகட்டி இல்லாமல், முழுக் கோப்பை, மேலிருந்து.

மூன்றாவது வரியே எச்சரிக்கை. நாங்கள் ஒட்டிய ஒரு கோப்பைப் பெயர் சொல்லி, அதன் திருத்த நேரம் 580 விநாடி எதிர்காலத்தில் இருக்கிறது என்றது. அடுத்த வரி, இரண்டு மணிக்கூடுகள் ஒத்துப்போகவில்லை என்றது. பிறகு அந்த இரண்டு வரியும் நூறு தரம். நூறு தரமும் அது கத்தியிருக்கிறது. நூறு தரமும் என் வடிகட்டி அதன் வாயைப் பொத்தியிருக்கிறது.

ஐந்நூற்றெண்பது விநாடி. பத்து நிமிடத்துக்கு இருபது விநாடி குறைவு. பெரியதின் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

மணியைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். மாலை மணி ஐந்துக்கு. புத்தளம் பஸ் பண்ணைச் சந்தியைத் தாண்டுவதும் ஐந்துக்கு. சந்திக்கு ஏழு நிமிட நடை. அடுத்த பஸ் எப்போது வரும் என்பது சாரதிக்கே தெரியாது. சிவநேசன் வருவதற்கு முன்பே ஒருநாள் பெரியதின் மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்னுக்குத் தள்ளிவைத்தேன். அதைக் கொப்பியிலும் எழுதவில்லை. அன்றிலிருந்து மணி நாலு ஐம்பதுக்கு அடித்தது, எனக்குப் பஸ் கிடைத்தது. பண்ணையில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. பத்து நிமிடம் முந்தி வீட்டுக்குப் போவதை எவன் முறையிடுவான்?

மற்றதெல்லாம் அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஒட்டிய கோப்பு பெரியதில் இருக்கிறது, அதற்குப் பெரியதின் நேரம் விழும், பத்து நிமிடம் கூடுதலாக. சின்னது அதை வைத்துத் தன் வீட்டில் ஒன்றைச் செய்கிறது, அதற்குச் சின்னதின் நேரம். செய்தது பழசு, மூலம் புதுசு என்று தெரிகிறது. ஆகவே மறுபடி செய்கிறது. மறுபடியும் பழசு. உடனே தொடங்குகிறவனுக்கு இது முடியாத சுற்று. ஒட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய்த் தொழுது, சாவகாசமாகச் சோறு தின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்தப் பத்து நிமிடம் தானாகக் கரைந்துவிடும். முதல் கம்பைலரை வெள்ளிக்கிழமை கட்டியிருந்தேன், ஜும்ஆவுக்குப் போய் வந்து. இரண்டாவதை ஒட்டிவிட்டு அஸர் தொழுகைக்குப் போயிருந்தேன். கொப்பியில் கட்டளைகள் எல்லாம் இருந்தன. தொழப் போனதை யார் கட்டளை என்று எழுதுவான்?

சிவநேசனைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய சுறுசுறுப்பு. என்னைக் காப்பாற்றியது நான் எழும்பிப் போனது.

ஓர் ஆசையும் வந்தது, மறைக்கமாட்டேன். சத்தமில்லாமல் மணிக்கூட்டைத் திருத்திவிடலாம். அவனுடைய வேலை ஓடத் தொடங்கிவிடும். கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஐந்தும் ஆறுமாக அவன் பெயரில் விழுந்தவை கொப்பியில் அப்படியே இருக்கும், நான்கு நாளில் சேர் அறிக்கை எழுதுவார். கையை விசைப்பலகையில் வைத்தேன். எடுத்தேன். கொப்பியை இழுத்து, அவனுக்குத் தெரியும்படி எழுதினேன்: 'பெரியதின் மணிக்கூடு, என்னால் முன்னுக்குத் தள்ளப்பட்டது. பத்து நிமிடம் பின்னுக்கு எடுக்கிறேன்.'

சிவநேசன் எட்டிப் பார்த்தான்.

"மணி முந்தி அடிக்கிறது எண்டு முதல் கிழமையே தெரியும் நானா."

"தெரியுமா? ஏன்டா சொல்லேல்ல?"

"நீங்கதான் தள்ளினது எண்டும் தெரியும். மணி அடிக்க முந்தியே செருப்ப மாட்டிக்கொண்டு நிப்பீங்க. நான் வந்து சேர்ந்த புதுசு. சொன்னா உங்களுக்குத்தானே ஏச்சு விழும். இதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குமெண்டு சத்தியமா நினைக்கேல்ல."

அந்த ஒருமாதிரியான பார்வை அதுதான். நான் குற்றம் என்று வாசித்தது, அவன் என் குற்றத்தைத் தன் வாய்க்குள் வைத்திருந்தது.

மணிக்கூட்டைத் திருத்தினேன். அவன் விரித்தான், ஒட்டினான், உடனே கட்டினான். ஓடியது. நான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு சேரிடம் போனேன். அவர் அந்த வரியை வாசித்தார், கீழே கையெழுத்திட்டார். பிறகு கோப்பையைத் தூக்கி, அடியில் வட்டக் கறை பிடித்திருந்த தாளை என்னிடம் நீட்டினார்.

"ஆறு நிமிசம் எப்பவோ முடிஞ்சுது. எழுதினீரா?"

"இல்ல சேர்."

"அப்ப இது உம்மட தாள். எங்கயாவது போடும்."

அன்று மாலை மணி சரியாக ஐந்துக்கு அடித்தது. பண்ணை முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. சந்திக்கு நடந்து போனபோது பஸ்ஸின் புழுதிதான் மிஞ்சியிருந்தது. சிவநேசன் சைக்கிளில் வந்து நின்றான். சந்திக்குப் பக்கத்தில்தான் அவன் வாடகை அறை.

"இண்டைக்கு நடைதானா நானா?"

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அவனிடம் கொடுத்தேன். கிழித்துப் போடத்தான் வைத்திருந்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு வாசித்தான். கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தான். களப்பில் யாரோ தோணியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாளின் அடியைப் பார்த்தான்.

"மத்ததுகளப் போல நேரமும் பிழைதான் நானா" என்றான்.

"ஓம் தம்பி" என்றேன்.

தாளைத் திருப்பித் தருவான் என்று கையை நீட்டினேன். அவன் அதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "இது என்னட்டயே கிடக்கட்டும்" என்றுவிட்டு, சைக்கிளின் பின்பக்கத்தைக் காட்டினான். "ஏறுங்க. பாலாவி வரைக்கும் கொண்டு விடுறன். அங்க வேற பஸ் வரும்."

ஏறினேன். வழி முழுக்க அவன் ஏன் அதை வைத்துக்கொண்டான் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். நான்கு நாளில் அவன் நிரந்தரமானான். சில வருடங்களில் சேர் ஓய்வு பெற, அவர் கதிரைக்குச் சிவநேசன் வந்தான். என்னை எதற்காகவும் ஒருநாளும் குறைவாக நடத்தவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் அவன் மேசை இழுப்பறையை ஒரு பார்வை பார்ப்பேன்.

பிரியாவிடைக் கூட்டத்துக்கு நான் ஆயத்தம் செய்திருந்த பேச்சில், அந்தக் கம்பைலர்கள் விழுந்த மர்மத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவன் நான். வடிகட்டி இல்லை, பஸ் இல்லை, கடிதம் இல்லை. எழும்பி நின்று, "ஒருமுறை இந்தப் பண்ணையில ஒரு பெரிய சிக்கல் வந்தது" என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த சிவநேசன் சிரித்துக்கொண்டே இடது கையால் தன் சட்டைப் பையை மெதுவாக ஒருமுறை தொட்டான்.

பையில் அந்தத் தாள் இருந்திருக்கலாம், பேனை இருந்திருக்கலாம். வெறும் பையாகவும் இருந்திருக்கலாம். நான் விஷப்பரீட்சை செய்யவில்லை. ஆயத்தம் செய்ததை விட்டுவிட்டு, மேலே எழுதியிருக்கும் அத்தனையையும் சொன்னேன். அந்தக் கடைசி வரி உட்பட.

சொல்லி முடித்தபோது அவன் பையிலிருந்து கையை எடுத்துக் கைதட்டினான்.